ஹார்ட் டிஸ்க்கும் சூக்கும உடலும்

மழைக்காலத்தில் சேர்வராயன் மலைமேல் மேகம் இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி காய்வதில்லை. அந்த ஈரம் ஏற்காட்டு வீடுகளில் இருக்கும் லேப்டாப்பையும் விட்டுவைப்பதில்லை. மதர்போர்டு செத்துப்போனாலும் அதில் இருந்தவை போய்விடுவதில்லை. அடிமூடியின் ஸ்குரூவைக் கழற்றி, உள்ளங்கையளவு ஹார்ட் டிஸ்க்கை உருவி, கேபிள் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் செருகினால், கல்யாணப் போட்டோ முதல் காபித் தோட்டத்துக் கூலிக் கணக்கு வரை திரையில் வந்து நிற்கும். கூடு விட்டுக் கூடு பாய்வது இதுதானே, லேப்டாப் உடல், டிஸ்க் உயிர் என்று சொல்லத் தோன்றும். பொருத்தமாகத் தெரியும் இந்த உவமையைச் சைவ சித்தாந்தமே ஏற்காது.

சைவ சித்தாந்த நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அந்தக்கரணங்களில் எதுவும் உயிர் ஆகாது என்கிறது. அவை மாயையிலிருந்து வந்த சடக் கருவிகள், அறிவது உயிர். பிறவிதோறும் உயிரோடு கூடப் போகும் சூக்கும உடலும் அப்படித்தான். டிஸ்க்குக்கு நேரான இடம் அங்கேதான் இருக்கிறது. டிஸ்க் தன்னிடம் உள்ளதைத் தானே வாசிப்பதில்லை. பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் செருகினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்; எண் இல்லையென்றால் எழுதியதெல்லாம் உள்ளே இருந்தும் ஒரு எழுத்தும் தெரியாது. இதற்கு மாறாக, ஏற்காட்டு மரங்களில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டை ஒரு கிளையிலிருந்து எடுத்து இன்னொன்றில் கட்டினால், அந்த மரத்தின் சாற்றைத் தொடாமல், காற்றின் ஈரத்தைப் பிடித்துத் தானே வேரூன்றும். இடம் மாறியும் பிழைப்பதற்கு அதற்குள் ஓர் உயிர் இருக்கிறது. டிஸ்க்கில் இருப்பது பதிவு மட்டுமே.

திருமூலரைக் காட்டி இதை மறுக்கலாம். சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்ற இடையனின் உடலுக்குள் சிவயோகியார் புகுந்து திருமூலரானபோது அவருடைய ஞானமும் கூடவே போனதே என்று கேட்கலாம். பெரியபுராணம் சொல்லும் கதையைக் கவனித்தால் விடை அதிலேயே இருக்கிறது. எழுந்தவரைப் பார்த்துப் பசுக்கள் மகிழ்ந்தன, மூலனின் மனைவி உரிமையோடு தொட்டாள். அவரோ தமக்கும் அவளுக்கும் உறவில்லை என்று விலகினார். பசுக்களும் மனைவியும் கண்டது உடலை. விலகியவர் உள்ளே இருந்தவர். யாரும் அவரை உருவி எடுத்துச் செருகவில்லை. அவரே புகுந்தார், ஞானம் அவரோடு போயிற்று.

நினைவுகளின் தொகுப்பே மனிதன், அதற்கு மேல் வாசிப்பவன் என்று ஒருவன் இல்லை என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகலெடுக்கலாம். பதிவே ஆள் என்றால் நகலெடுத்த நொடியில் ஒருவர் இருவராகிவிட வேண்டும். இருவராகட்டுமே என்பவரும், மூலப்பதிவின் சொந்தக்காரர் மரணத்திலிருந்து தப்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. அவருக்கு வந்த வலி நகலுக்குத் தெரியப்போவதில்லை. மறதி நோயில் பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன தகப்பனை நாம் வேறொருவராக நினைத்துக் கைவிடுவதும் இல்லை. பதிவு அழிந்த பிறகும் அவர் அவர்தான் என்று நடந்துகொள்கிறோம். மூளையில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சாவை வெல்லலாம் என்று இன்று ஆசை காட்டுபவர்கள், மிஞ்சிப்போனால் சூக்கும உடலுக்கு ஒரு படி எடுத்துத் தருவார்கள். அதை உயிர் என்று சொல்லி விற்கும்போது விலை கேட்பதற்கு முன், வாசிப்பவர் யார் என்று கேட்க வேண்டும்.