வாய் திறப்பதற்கு முன்

காதுமடலுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் உள்ளே ஓர் எலும்பு முன்னால் நகர்வது தெரியும். எனக்கு வலப்பக்கம் அங்கே எதுவும் நகர்வதில்லை. தாடை மண்டையோட்டோடு ஒட்டிவிட்டது. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து தாவாங்கட்டையில் அடிபட்டபோது தோலுக்குத் தையல் போட்டார்கள். மூட்டை யாரும் பார்க்கவில்லை. மூட்டுக்குள் கசிந்த ரத்தம் மெல்ல மெல்ல எலும்பாகும் என்று கறம்பக்குடியில் எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? காதில் சீழ் பிடித்து முற்றினாலும் இப்படி ஆவதுண்டு.

*

சாதாரணமாக மூன்று விரல் நுழையும் அளவுக்கு, ஏறக்குறைய 40 மில்லிமீட்டர், வாய் திறக்க வேண்டும். எனக்கு ஒரு விரல்கூட நுழையாது. சோற்றைக் குழைத்துப் பல்லிடுக்கில் தள்ளிக்கொள்கிறேன்.

"இம்புட்டு நாளா இப்படியே இருந்துட்ட. இப்ப எதுக்குத் தம்பி மறுபடி கத்தி?" என்கிறாள் அக்கா. கடைவாய்ப்பல் சொத்தையானால் கருவி உள்ளே போகாது. நாளைக்கு வேறு ஏதோ நோய்க்கு அவசரமாக மயக்கம் கொடுக்க நேர்ந்தால் வாய்வழியாகக் குழாய் இறக்க முடியாது. அதை நினைத்தால்தான் எனக்குக் கத்தியைவிடப் பயமாக இருக்கிறது.

*

ஒட்டிய எலும்பை வெட்டி, பொட்டுத் தசையை இடையில் வைத்துத் தைப்பது பழைய முறை. செலவு குறைவு, அந்நியப் பொருள் எதுவும் உடம்பில் தங்காது. எனக்கு முன்பு அதைத்தான் செய்தார்கள். மூட்டு மறுபடி ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இப்போது செயற்கை மூட்டு. சி.டி. ஸ்கேனைப் பார்த்து என் எலும்புக்கு அளவாகச் செய்வார்கள். மண்டையோட்டுப் பக்கம் கெட்டியான பாலித்தீன் குழி, தாடைப் பக்கம் உலோகக் குமிழ், இரண்டையும் பிடிக்கத் திருகாணிகள்.

*

மயக்க மருத்துவர் சொன்னது: வாய் திறக்காததால், விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை மூச்சுக்குழல்வரை இறக்குவார்கள். மரத்துப்போக மருந்து தெளிப்பார்கள். மூச்சைக் கவனித்தபடி படுத்திருப்பதுதான் என் வேலை. இரவில் அதைத்தான் பழகிப்பார்க்கிறேன்.

*

முகநரம்பை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காதுக்கு முன்னால் ஒரு வெட்டு, தாடை வளைவுக்குக் கீழே ஒரு வெட்டு. இரண்டுக்கும் நடுவே அந்த நரம்பின் கிளைகள் விரிந்து கிடக்கின்றன. இழுபட்டால் புருவம் உயராது, இமை முழுதாக மூடாது, உதடு கோணும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடுமாம். சிலருக்கு அப்படியே தங்கிவிடுகிறது. நான் அந்தச் சிலரில் ஒருவனானால்? இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. கண்ணாடி முன் நின்று கண்ணை இறுக மூடித் திறக்கிறேன். இத்தனை வருஷம் கேளாமலே கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று இது.

மூட்டுக்கு உட்புறம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கிருமி தொற்றினால் மூட்டையே கழற்ற வேண்டிவரலாம். சுற்றிலும் எலும்பு மறுபடி வளரலாம். அதைத் தடுக்க வயிற்றுக் கொழுப்பை எடுத்து வைப்பதும் உண்டு. எல்லாம் நன்றாக நடந்தாலும் புதிய மூட்டு கீலாகத் திறக்குமே தவிர, இயற்கை மூட்டுப்போல முன்னால் சறுக்காது.

*

1980களில் அமெரிக்காவில் வைட்டெக் என்ற நிறுவனம் செய்த புரோப்ளாஸ்ட்-டெஃப்ளான் பொருளை ஆயிரக்கணக்கானோரின் தாடை மூட்டில் வைத்தார்கள். மெல்லும் அழுத்தத்தில் அது துகளாக உதிர்ந்தது. துகளை எதிர்த்த உடம்பு பக்கத்து எலும்பையே அரித்தது. 1990இல் நிறுவனம் திவாலாயிற்று. வலியோ அந்த நோயாளிகளை விடவில்லை. அளவெடுத்துச் செய்யும் மூட்டுக்கு அங்கே 1999இல்தான் அங்கீகாரம் கிடைத்தது. அவ்வகையை வைத்துக்கொண்டு 20 ஆண்டுகளைத் தாண்டியவர்கள் இன்று இருக்கிறார்கள். இன்று எனக்குக் கிடைக்கும் நம்பிக்கைக்கு அவர்களும், அவர்களுக்கு முன்னால் வலியைச் சுமந்தவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். புதுசு என்பதற்காக எதையும் உடம்பில் வைக்க ஒப்பக்கூடாது. எத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது, நீங்கள் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் என்னைச் சம்மதிக்க வைத்தது.

*

முடிந்த பிறகும் மாதக்கணக்கில் பயிற்சி உண்டு. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். வலிக்கும். செய்யாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

*

கறம்பக்குடியில், வடகாட்டில், ஆலங்குடியில் பிள்ளைகள் மாமரமும் பலாமரமும் ஏறத்தான் செய்வார்கள். ஏறட்டும். விழுந்து தாவாங்கட்டையில் அடிபட்டால் தையலோடு விட்டுவிடாதீர்கள். காதோர மூட்டைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக்கோட்டையிலேயே 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காயம் ஆறிய பிறகும் பிள்ளையின் வாயில் மூன்று விரல் நுழைகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.