காரணம் தேடும் பெற்றோருக்கு



குழந்தைச் செல்வம் அல்லாஹுத்தஆலா நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். அந்த அமானிதத்தில் ஒரு மாறுதலைக் காணும்போது பெற்ற மனம் பதறத்தான் செய்யும். பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. பேசத் தொடங்கிய இரண்டொரு சொல்லும் நின்று போகிறது. மருத்துவர் 'ஆட்டிசம்' என்கிறார். உடனே உம்மாவும் வாப்பாவும் கேட்பது, "இது எதனால் வந்தது? நம் பெரியவர்கள் காலத்தில் கேள்விப்படாதது இன்று எங்கும் காணப்படுகிறதே, ஏன்?" என்பதுதான்.

கேட்பது குற்றமன்று. காரணத்தை ஆராய்வது அறிவுடையோர் செயலே. ஆனால், கிடைக்கும் பதிலை எப்படி எடைபோடுவது? இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே பாடம் இருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) அவர்கள் பால்குடிப் பருவத்திலேயே இவ்வுலகைப் பிரிந்தார்கள். அன்றைய தினம் சூரிய கிரகணம் பிடித்தது. மகனாரின் மறைவினால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! மகனைப் பறிகொடுத்த துயரம் ஆறாத வேளை. மக்கள் சொன்னதோ நாயகத்தின் குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கும் பேச்சு. அந்த நிலையிலும் அதை மறுத்தார்கள். இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்துவிட்டால் மட்டும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்ற உண்மை நமக்கு இதில் கிடைக்கிறது.

இந்தப் பாடத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் வாழும் நம் சோமாலியச் சகோதரர்களின் அனுபவமே சான்று. உள்நாட்டுப் போரினால் தாயகம் துறந்த அவர்களில் பல்லாயிரம் பேர் மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் குடியேறினார்கள். 2008ஆம் ஆண்டளவில், ஆட்டிசக் குழந்தைகளுக்கான வகுப்புகளில் தங்கள் பிள்ளைகள் அதிகமாக இருப்பதைப் பெற்றோர் கண்டார்கள். அவர்களுடைய தாய்மொழியில் இதற்கென்று ஒரு சொல்கூட இருக்கவில்லை. ஊரில் அறியாத ஒன்று இங்கே வந்தது எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அந்நகரில் சோமாலியப் பிள்ளைகளில் 32 பேரில் ஒருவருக்கும், வெள்ளையர் பிள்ளைகளில் 36 பேரில் ஒருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஆட்டிசமுள்ள சோமாலியப் பிள்ளைகளில் அறிவு வளர்ச்சிக் குறைவும் சேர்ந்திருந்தவர்கள் அதிகம்.

இந்த ஆய்வு வெளிவருமுன்பே வேறொரு பதில் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. தட்டம்மை முதலியவற்றுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிதான் காரணம் என்பது அந்தப் பதில். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் உடனிருந்தோரும் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு இது. வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவருடைய பெயர் அந்நாட்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பிறகும் அவர் மினியாபொலிஸ் வந்து சோமாலியப் பெற்றோரைச் சந்தித்தார்.

விளைவு என்ன? மின்னசோட்டாவின் சோமாலியக் குழந்தைகளில் 2004இல் 92 சதவீதம் பேர் அத்தடுப்பூசி போட்டிருந்தார்கள். 2014இல் அது 42 சதவீதமாகச் சரிந்தது. 2017இல் தட்டம்மை பரவி 75 பேரைத் தாக்கியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி போடாத சோமாலியப் பிள்ளைகள்!

தடுப்பூசியின் முதல் தவணை ஒரு வயதையொட்டிப் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகளும் இரண்டாம் வயதில்தான் பெற்றோர் கண்ணில் படுகின்றன. ஆகவே, ஒன்றால் மற்றது வந்ததாகத் தோன்றுகிறது. மதீனத்து மக்களுக்குக் கிரகணத்தைப் பற்றித் தோன்றியதும் இப்படித்தானே? டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்று காட்டியது. ஜப்பான் 1993இல் அந்தத் தடுப்பூசியை நிறுத்தியது. அங்கே யோகோஹாமா நகரில் கணக்கெடுத்தபோது, அதன் பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போயிருந்தது.

அப்படியானால் எண்ணிக்கை ஏன் கூடுகிறது? 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, மிகக் கடுமையான நிலையை மட்டுமே ஆட்டிசம் என்றார்கள். 1987, 1994 ஆகிய ஆண்டுகளில் மருத்துவர்கள் அதன் வரையறையை விரித்தார்கள். முன்பு 'மந்தம்' என்றும் 'முரடு' என்றும் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் இன்று சரியான பெயரால் அறியப்படுகிறார்கள். அமெரிக்காவில் எட்டு வயதினரிடையே 2000இல் 150 பேரில் ஒருவர் என்றிருந்த கணக்கு, 2022இல் 31 பேரில் ஒருவர் என்றானதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. பெற்றோரின் வயது முதிர்ச்சி, குறைமாதப் பிறப்பு போன்றவையும் ஓரளவு சேர்கின்றன. ஐந்து நாடுகளின் பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணு வழியானது என்று கண்டது.

மரபணு என்றதும், "உன் வம்சமா, என் வம்சமா?" என்று சண்டை தொடங்கிவிடாதீர்கள். கருவில் அமைவதை எவரும் தேர்ந்தெடுத்துக் கொள்வதில்லை. தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர்களே ஒரு காலத்தில் சொல்லி, எத்தனையோ தாய்மாரை அழ வைத்தார்கள். பின்னர் அது பொய்யென்று தள்ளப்பட்டது. ஆனால் நம் வீடுகளில்? "கர்ப்பகாலத்தில் கிரகணத்தன்று வெளியே போனாள்" என்று மருமகளைக் குற்றம் சொல்லும் மாமியார்கள் இன்றும் இருக்கிறார்கள். கிரகணத்தைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததைக் கேட்ட பின்பும் இப்படிப் பேசலாமா? எண்ணங்களில் சில பாவமாகும் என்று சூரத்துல் ஹுஜுராத் எச்சரிக்கவில்லையா?

காரணத்தைத் தேடியே காலத்தைக் கழிப்பதைவிட, பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் சுட்டிக்காட்டாவிட்டால், கற்ற சொல்லை மறந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தாயத்துக்கும் தகட்டுக்கும் செலவிடும் மாதங்கள் பிள்ளையின் பயிற்சிக்குரிய மாதங்கள். துஆச் செய்யுங்கள், பயிற்சியும் கொடுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது?

ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். விவரம் எட்டாத பிள்ளைமீது தொழுகை கடமையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் ஆதரவாக இருப்பது நம்மீது கடமை. பள்ளிவாசலில் பிள்ளை சத்தமிட்டால் முகம் சுளிக்காதீர்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தாயின் மனம் நோகுமே என்று தொழுகையையே சுருக்கியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

அறிவில்லாததைப் பின்பற்றாமல், அமானிதத்தைப் பேணி நடக்கும் பெற்றோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.