அடையாளமா, எல்லைக்கல்லா?



புகையைக் கண்டால் நெருப்பு உண்டென்று அறிகிறோம். சுவட்டைக் கண்டால் விலங்கு சென்றதென்று அறிகிறோம். இவை இயற்கை அடையாளங்கள். யாரும் எண்ணி வைத்தவையல்ல. சொல், கொடி, எக்காளம் ஆகியன வேறு வகை. ஒருவர் தம் உள்ளத்திலுள்ளதைப் பிறருக்கு உணர்த்தவே இவற்றைத் தருகிறார். கிறிஸ்தவ போதகம் பற்றிய தம் நூலில் புனித அகுஸ்தீனார் ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் செய்த பாகுபாடு இது. நம் துறைமுகத்து மிதவையும் இரண்டாம் வகையே.

இந்த இரண்டாம் வகையில்தான் சிக்கல். வைத்தவர் என்ன எண்ணி வைத்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

திருகோணமலையில் பிரெடரிக் கோட்டை வாசலைக் கடப்போர் கல்லிலே செதுக்கிய இரு மீன்களைக் கண்டிருப்பீர்கள். நமக்கு உடனே கிறிஸ்து நினைவுக்கு வரலாம். ‘இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்’ என்னும் கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால், மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் வரும். ஆதலால் ஆதிக் கிறிஸ்தவர் தம் கல்லறைகளில் மீனை வரைந்தனர். ஆனால் கோட்டை வாசலில் உள்ளவை பாண்டியரின் கயல்கள். 13ஆம் நூற்றாண்டில் வீரபாண்டியன் கோணமலையில் கயல் பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது. பக்தியைவிட வெற்றியைச் சொன்ன அடையாளம் அது. பின்னர் 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். மீன் பொறித்த கல் வாசலுக்கு வந்தது அவ்வழியே என்பர்.

சிலுவையையும் அவர்கள் அவ்வாறே கையாண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஆபிரிக்கக் கரை நெடுகிலும் அவர்கள் நட்ட கற்றூண்களின் உச்சியில் சிலுவை இருந்தது. அதன் கீழே அரச சின்னம். நமக்காக உயிர் கொடுத்தவரின் அடையாளம் ‘இது எங்கள் மண்’ என்னும் எல்லைக்கல்லாயிற்று. நம் முன்னோரிற் பலர் விசுவாசத்தைப் பெற்றது அவர்கள் காலத்தில் என்பதற்காக இதை மறைப்பானேன்?

2005 மே மாதம் நம் நகரின் பஸ் நிலையத்தருகே ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டபோது ஹர்த்தாலும் பதற்றமும் மூண்டன. சிலையில் இருப்பவரோ அரண்மனையையே துறந்து போனவர்! பிறரைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டுப் போவது எளிது. நம் பங்குகளில் சந்திக்குச் சந்தி எழும் கெபிகளையும் எண்ணிப் பாருங்கள். செபிக்கவா கட்டினோம்? அல்லது அடுத்தவர் அவ்விடத்தைப் பிடித்துவிடுவாரோ என்று முந்திக்கொண்டோமா?

அடையாளத்தையே பொருளாகக் கொண்டு நின்றுவிடுவதை அகுஸ்தீனார் ஆன்மாவின் பரிதாபமான அடிமைத்தனம் என்றார். சந்தியிலுள்ள அந்தக் கெபியை நாளை கோயில் வளவின் பின்மூலைக்கு மாற்றினால், அங்கே போய்ச் செபமாலை சொல்வோமா? அடுத்த பங்குக் கூட்டத்தில் யாராவது இதைக் கேட்டுப் பாருங்கள்.