நகரை ஆள்வது யார்?

வாக்குச்சீட்டில் புள்ளடி இட்டதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

யாழ்ப்பாணப் பொது நூலகம் பிறந்த கதையை எண்ணிப் பாருங்கள். 1933இல் க. மு. செல்லப்பா என்னும் தனி மனிதர் தம் இல்லத்தில் தொடங்கியது அது. 1935இல் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. பின்னர் மாநகர முதல்வர் சாம் சபாபதியும், சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளாரும் முன்னின்றனர். களியாட்டு விழாக்களில் மக்கள் பணம் சேர்த்துக் கொடுத்தனர். 1959இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. செல்லப்பா தொடங்கியிராவிடில், சபை பொறுப்பேற்க ஏதும் இருந்திராது. சபை ஏற்றிராவிடில், அவர் முயற்சி ஒரு வீட்டோடு நின்றிருக்கும்.

பின்னர் அச்சம் வந்தது. 1975இல் அல்பிரட் துரையப்பா, 1998இல் சரோஜினி யோகேஸ்வரன், பொன். சிவபாலன் என முதல்வர் மூவர் பதவியிலிருந்தபோதே கொல்லப்பட்டனர். பொதுப்பணியென்றால் ஒதுங்கி நிற்கப் பழகினோம். அன்று அது உயிர் காக்கும் வழி. இன்று அதற்கு என்ன நியாயம்? வாய்க்கால் அடைபட்டால் சபையைக் குறை கூறுகிறோம். வீட்டுக் குப்பையையும் அதிலேயே கொட்டுகிறோம். நம் வட்டார உறுப்பினர் சபையில் என்ன பேசினார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

கேள்வி கேட்கவும் தோள் கொடுக்கவும் மக்கள் இல்லையெனில், நல்ல தலைவரும் தனிமரமே. தனிமரம் தோப்பாகாது.