வரிசையில் நிற்பதா, வேண்டாமா?

வழியில் வரக்காப்பொலவில் தலகுளி என்ற எள்ளு இனிப்பு வாங்க இறங்கி மறுபடி கண்டி பஸ் ஏறுகிறவர்கள் முடிவு செய்யவேண்டிய விஷயம் இது.

2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, 16 ஆண்டுகளுக்குப் பிறகு, கண்டி தலதா மாளிகையில் புத்தரின் புனித தந்ததாது பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. இராப்பகலாய் வீதியில் காத்துக் கிடந்தவர்களுக்குக் கிடைத்தது சில நொடித் தரிசனம். மற்ற நாட்களில் பூசை வேளையிலும் தெரிவது அதை வைத்திருக்கும் பேழைதான்.

கலை பார்க்க வந்தவருக்கு இது நட்டக் கணக்கு. பக்தருக்கோ வழிபாடு வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது. கால் கடுப்பும் காணிக்கைதான். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம்.

கல்லும் சிற்பமும் தேடுபவர் கண்டிக்கு அருகே உள்ள 14ஆம் நூற்றாண்டுக் கடலாதெனியவுக்குப் போகட்டும். கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பியின் தலைமையில் எழுந்த பௌத்த விகாரை அது. பக்கத்து லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. நின்று நிதானமாக வாசிக்கலாம்.