ஊன்றிய திருவடியும் ஒரு கைத் தூரமும்

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் கொண்ட பிரிவினரைத் தமிழில் குருளையர் எனலாம். நாய், புலி, நரி முதலியவற்றின் குட்டிக்குத் தொல்காப்பியம் கூறும் இளமைப் பெயரே குருளை என்பதாகும். இப்பிள்ளைகள் வார இறுதியில் காட்டோரம் கூடாரமடித்து இரவு தங்கும்போது தாயோ தந்தையோ உடன் செல்வது வழக்கம். ஆனால் அங்கு அவர்களுக்கு வாய்க்கும் இடம் விந்தையானது: பிள்ளையை விட்டு அகலவும் கூடாது, பிள்ளை செய்யவேண்டியதைத் தாமே செய்துகொடுக்கவும் கூடாது. கூடார முளையைச் சாய்வாக அடிக்கும் பிள்ளையின் கையிலிருந்து சுத்தியலை வாங்கிவிடப் பெற்றோர் மனம் துடிக்கும்; வாங்கினால் முகாம் என்பதன் பொருளே போய்விடும். உதவ வல்ல ஒருவர் உதவாமல் நிற்பது அன்பின் குறைவா, அல்லது அன்பே கொள்ளும் மற்றொரு வடிவமா என்னும் கேள்வி இவ்விடத்தில் எழுகிறது.

பெற்றோரை நோக்கி எழும் இக்கேள்வியைத் தமிழகத்துச் சமயவாணர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இறைவனை நோக்கிக் கேட்டனர். வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியை உவமையாகக் கூறினர். தாய் மரத்துக்கு மரம் தாவும்போது குட்டி தன் கைகளால் அதன் வயிற்றைப் பற்றிக்கொள்வதுபோல, உயிரும் இறைவனைப் பற்றும் சிறு முயற்சியையேனும் செய்தாக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தென்கலையார் கூறியது பூனைக்குட்டி. குட்டி ஒன்றும் செய்யாதிருக்க, தாயே அதன் கழுத்தைக் கவ்வித் தூக்கிச் செல்வதுபோல, காப்பது முழுவதும் இறைவன் செயல் என்பது அவர்கள் துணிவு. வடகலையாரும் அம்முயற்சியை அருளுக்குக் கொடுக்கும் விலையாகக் கொள்ளவில்லை என்பதையும், அதனை 'வியாஜம்', அதாவது அருள் வெளிப்படுவதற்கு ஒரு முகாந்திரம் என்றே கருதினர் என்பதையும் இங்கே மறவாதிருத்தல் நன்று. எனினும் இரண்டு உவமைகளிலும் தாயும் குட்டியும் ஒட்டியே இருக்கின்றனர். தாய் வேண்டுமென்றே கைவிலக்கி நிற்கும் நிலைக்கு அவற்றில் இடமில்லை.

அந்நிலையைச் சிந்தித்துப் பெயரிட்டது சைவ சித்தாந்தம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் இறைவனின் ஐந்தொழில்களுள் நான்காவதான மறைத்தல், 'திரோதம்' எனவும்படும். உயிர் உலக அனுபவங்களில் தோய்ந்து பக்குவமடையும்வரை இறைவன் தன்னை அதற்குக் காட்டாமல் உள்நின்று இயக்குவதே அது. உயிரைப் பற்றி நிற்கும் ஆணவ மலம் என்னும் அழுக்கு தன் வலி குன்றி நீங்கும் நிலையை எய்துவதை 'மலபரிபாகம்' என்பர். காய் கனிவதற்குக் காலம் வேண்டுவதுபோல அதற்கும் காலம் வேண்டும். இம்மறைப்புச் சக்தியை மலங்களுள் ஒன்றாக வைத்தெண்ணும் வழக்கமும் உண்டு. மலத்தைத் தொழிற்படுத்தி நிற்பதால் அது அப்பெயர் பெற்றதேயன்றி, உண்மையில் அதுவும் அருளே என ஆசிரியர்கள் தெளிவுபடுத்தினர். கூத்தப் பெருமானின் வடிவத்துக்கு 'உண்மை விளக்கம்' என்னும் சைவ சித்தாந்த நூல் கூறும் பொருள் இன்னும் நுட்பமானது: தூக்கிய திருவடி முத்தியைத் தருவது, ஊன்றிய திருவடி மறைத்தலைக் குறிப்பது. ஆடலின் முழுப் பாரத்தையும் தாங்குவது ஊன்றிய அத்திருவடியே என்பதை எண்ணிப் பார்த்தால், விலகி நிற்றல் எளிய செயலன்று என்பது விளங்கும்.

இக்கருத்தை முகாமின் ஒரு சிறு காட்சி கண்முன் நிறுத்துகிறது. குருளையருள் மூன்றாம் வகுப்பை எட்டியவர்கள் மடக்குக் கத்தியைக் கையாள முறைப்படி கற்று அதற்கான அட்டையைப் பெறலாம். முதற்பயிற்சிக்குப் பெரும்பாலும் மரக்கட்டைக்கு மாறாகக் குளியல் சோப்புக் கட்டியே தரப்படுகிறது. கத்தியைத் திறக்கும் முன் பிள்ளை அதை மடக்கியபடியே கையில் பிடித்து, கையை முழுவதும் நீட்டி, தன்னைச் சுற்றி ஒரு வட்டம் வருகிறது. அந்த ஒரு கைத் தூரத்துக்குள் யாருமில்லை என்று உறுதியான பின்னரே சீவத் தொடங்கலாம். அலகை எப்போதும் உடம்புக்கு எதிர்ப்புறமாகவே தள்ளவேண்டும். வெள்ளைச் சுருள்கள் மடியில் உதிர, மீன் வடிவம் கொள்ளவேண்டிய கட்டி வால்புறத்தில் முறிந்து விழும்போதும், வட்டத்துக்கு வெளியே நிற்கும் தாய் தந்தையர்க்கு உள்ளே நுழைய அனுமதியில்லை. பார்வை மட்டும் உள்ளே செல்லலாம், கை செல்லலாகாது. மறைத்தல் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான விளக்கவுரை கிடைப்பது அரிது.

ஆயினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில்தான் இதன் சமயப் பொருள் அடங்கியிருக்கிறது. இறைவன் உயிரின் பக்குவத்தை அறிந்து மறைந்து நிற்கிறான். பெற்றோரோ பிள்ளையின் பக்குவத்தை அறியாமலே விலகி நிற்கவேண்டியிருக்கிறது. கத்தி வழுக்குமா, நள்ளிரவில் பிள்ளை அஞ்சி அழுமா என்பது அவர்களுக்குத் தெரியாது. முற்றறிவு இல்லாதவர் மேற்கொள்ளும் மறைத்தல், தமக்கு மேற்பட்ட ஒன்றிடம் பிள்ளையை ஒப்படைப்பதாகவே முடியும். சாரணர் உறுதிமொழி கடவுளுக்கு ஆற்றும் கடமையை முதலில் வைக்கிறது. அமெரிக்கச் சாரணர் விதியின் பன்னிரண்டு பண்புகளுள் இறுதியானதும் இறைபக்தியே. அங்குள்ள இந்துக் குடும்பத்துக் குருளையர் பெறும் சமயச் சின்னத்துக்குத் தர்மம் என்றே பெயர். ஏழு வயதுப் பிள்ளைக்கு இச்சொற்கள் எவ்வளவு விளங்கும் என்று ஐயுறுவோர் உளர், அவ்வையம் நியாயமானதே. ஆனால் ஞாயிறு காலை கூடாரத்தைச் சுருட்டும் முன் நடைபெறும் எளிய வழிபாட்டில் பிள்ளையின் பின்னால் நிற்கும் பெற்றோர்க்கு அவை விளங்கும். அந்த உறுதிமொழி பிள்ளையின் வாயில் ஒலித்தாலும் அதன் முழுப் பாரமும் பெற்றோர் மேலேயே இறங்குகிறது.

குருளையர் பருவம் முடிந்து சாரணர் படையில் சேரும் நாளில் பல இடங்களில் ஒரு சிறு மரப்பாலம் அமைக்கப்படுகிறது. பெற்றோர் அதன் முனைவரை உடன் வருகின்றனர். பாலத்தைப் பிள்ளை தனியாகக் கடக்கிறது.