பகைக்கும் ஓர் எல்லை

எதிரி உயிர் துறந்தபின் அவன் உடல்மீது வென்றவனுக்கு உரிமை ஏதும் உண்டா? விக்டோரியா அரசியார் காலத்துப் பிரிட்டிஷ் படை சூடானில் நடத்திய போர் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

1898 செப்டம்பர் 2ஆம் நாள் ஓம்துர்மான் நகருக்கு வெளியே ஏறத்தாழ 50,000 சூடானியர், தளபதி கிச்சனரின் ஆங்கில எகிப்தியப் படையை எதிர்த்து நின்றனர். பீரங்கிகளும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளும் முழங்கின. சில மணி நேரத்தில் சூடானியருள் சுமார் 10,000 பேர் மாண்டனர். கிச்சனர் தரப்பில் மாண்டோர் 50 பேருக்கும் குறைவே. வெற்றி முழுமை பெற்றுவிட்டது. சினம் மட்டும் அடங்கவில்லை. 1885இலேயே காலமாகிவிட்ட முஹம்மது அஹ்மது மஹ்தியின் அடக்கத்தலம் தகர்க்கப்பட்டது. எலும்புகள் நைல் நதியில் எறியப்பட்டன. மண்டையோட்டைக் கிச்சனர் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

அடக்கத்தலம் மீண்டும் கிளர்ச்சிக்கு மையமாகும் என்று காரணம் கூறப்பட்டது. ஆனால் கார்டனுக்குப் பழி தீர்க்கும் எண்ணமே படையெங்கும் நிறைந்திருந்தது. தகர்க்கும் பணியும் கார்டனின் உறவினரான அதிகாரி ஒருவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1885 ஜனவரியில் கார்ட்டூம் வீழ்ந்தபோது கார்டனின் தலை கொய்யப்பட்டதும் உண்மையே. அதனை நாம் மறைக்கலாகாது. பிறர் செய்தால் கொடுமை, நம்மவர் செய்தால் வீரம் என்பது நீதியாகுமா?

உஹதுப் போர்க்களத்தில் தம் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டுக் கிடந்ததை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அதனினும் பெருந்துயர் எது? ஆயினும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் இறைவசனம் பழிக்கு எல்லை வகுத்தது. பொறுமையை மேலானதெனக் காட்டியது. பெருமானார் பொறுமையைத் தேர்ந்தார்கள். மாண்டோரின் உடலைச் சிதைப்பதையே தடை செய்தார்கள். காயம் பச்சையாக இருந்த வேளையில் பிறந்த கட்டளை அது.

மனசாட்சி ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரியதன்று. அப்போரில் ஈடுபட்ட இளைஞர் சர்ச்சில் 1899இல் வெளியிட்ட நூலில் இச்செயலைக் கண்டித்தார். அரசியாரும் மனம் நொந்தார். இறுதியில் மண்டையோடு வாதி ஹல்ஃபாவில் முஸ்லிம் அடக்கத்தலத்தில் புதைக்கப்பட்டது.

கோபம் இல்லாதவனுக்கு அறம் எளிது. பழிக்குக் காரணமும் வலிமையும் ஒருங்கே கைவரப்பெற்ற வேளையில் கையை மடக்கிக்கொள்பவனே உண்மையில் வென்றவன். அந்த வெற்றி ஓம்துர்மானில் கிட்டவில்லை.